மின்சார சைக்கிள் நின்றுபோனால்: அளந்து பார்த்த பிறகே கைவையுங்கள்

2022ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் பெற்றோல் கிடைக்கவில்லை. நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து தந்தார்கள். அந்த நாட்களில்தான் கொட்டில்களுக்குள் துருப்பிடித்துக் கிடந்த பழைய சைக்கிள்கள் வெளியே வந்தன. சிலர் அவற்றுக்கு மோட்டரும் பற்றரியும் பூட்டினார்கள். பிறகு பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியது. ஆனாலும் அந்தச் சைக்கிள்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

கிளிநொச்சிப் பக்கம் நான் இப்படியான சைக்கிள்களைப் பூட்டியும் திருத்தியும் கொடுத்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்கு இது ஆசைக்கு வாங்கிய பொருள் அல்ல. செயற்கைக் காலோடு மீன் வியாபாரத்துக்குப் போகிறவர் இருக்கிறார். காலில் பழைய காயத்தோடு தையல் வேலைக்குப் போகிற அக்கா இருக்கிறார். முள்ளந்தண்டில் காயப்பட்டு, மூன்று சில்லு வண்டியில் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் தனியாகப் போய்வருகிறவர் இருக்கிறார். இவர்களுக்கு வண்டி நின்றால் அன்றைய உழைப்பு நிற்கும். இன்னொருவரின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலையும் வரும். அதனால்தான் மின்கோளாறுகளைக் கண்டுபிடிக்கும் முறையைச் சாதாரண ஆளும் செய்து பார்க்கக் கூடியதாக இங்கே எழுதுகிறேன்.

டைனமோ காலமும் லிதியம் காலமும்

எங்கள் ஆட்களுக்கு இந்த வேலை புதிதல்ல. பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில், ரோர்ச் பற்றரிகூட வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வர விடப்படாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராற் எடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். அறுந்த வயரை முறுக்கிப் பொலித்தீன் சுற்றினோம். பியூஸ் இல்லாத இடத்தில் சிகரெட் பெட்டித் தாளை வைத்தோம். எப்படியாவது ஓடவைப்பதுதான் அன்றைய கெட்டித்தனம்.

அந்தக் கைப்பழக்கத்தில் நல்லது நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். அதில் எதை எப்படித் தொடுத்தாலும் பெரிய சேதம் வராது. இன்றைய 48 வோல்ற் பற்றரியிலிருந்து கொன்ரோலர் 20 அம்பியர் இழுத்தால் அது 960 வாற். டைனமோவைவிட 320 மடங்கு. வயர் இரண்டும் முட்டினால் பற்றரி அதைவிடப் பல மடங்கு கறன்றை ஒரே நொடியில் கொட்டும். டைனமோ காலத்தில் ஓடவைத்தால் போதுமாக இருந்தது. லிதியம் காலத்தில் ஏன் நின்றது என்று தெரியாமல் ஓடவைக்கக் கூடாது.

கறன்ற் போகும் பாதை

சைக்கிளில் உள்ள முக்கிய பாகங்கள் ஐந்துதான். பற்றரி, அதற்குள் கலங்களைக் காவல் காக்கும் சிறிய மின்சுற்றுப் பலகை (பி.எம்.எஸ். என்பார்கள்); கொன்ரோலர்; அக்சிலேற்றர் கைபிடியும் பிறேக் சுவிச்சுகளும்; சில்லுக்குள் இருக்கும் மோட்டர். கறன்ற் பற்றரியில் தொடங்கி, பியூஸ், பிளக், கொன்ரோலர் வழியாக மூன்று தடித்த வயர்களில் மோட்டருக்குப் போகிறது. மெல்லிய வயர்கள் எல்லாம் தகவல் கொண்டுபோகின்றவை.

பழுது பார்ப்பதும் இதே பாதையில்தான். பற்றரியில் தொடங்கி ஒவ்வொரு படியாக அளந்து சில்லுக்குப் போங்கள். எந்தப் படியில் அளவு பிழைக்கிறதோ, அதற்கும் முந்திய படிக்கும் இடையில்தான் கோளாறு. இதற்குச் சாதாரண மல்டிமீற்றர் ஒன்று போதும். ஊகத்தில் ஒரு கொன்ரோலர் வாங்கும் காசுக்குப் பல மல்டிமீற்றர் வாங்கலாம்.

கைவைக்க முதல் நான்கு விடயங்கள். மோதிரம், காப்பு, மணிக்கூடு, கழுத்துச் சங்கிலியைக் கழற்றுங்கள். காய்ந்த கையில் 48 வோல்ற் பெரிதாக அடிக்காது. ஆனால் பற்றரி முனைகளுக்கு இடையில் ஒரு மோதிரமோ ஸ்பானரோ பட்டால் அது செந்நிறமாகக் காய்ந்துவிடும். மோட்டர் உள்ள சில்லை நிலத்தில் முட்டாமல் உயர்த்தி வையுங்கள். பற்றரியைக் கழற்றிய பின்னரும் கொன்ரோலருக்குள் இருக்கும் கொள்ளளவியில் மின் தங்கி நிற்கும். சில நிமிடம் பொறுத்து, அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். சார்ஜரைத் திறக்க வேண்டாம். அதற்குள் வருவது 230 வோல்ற்.

"ஒண்டுமே வேலை செய்யுதில்லை, அண்ணை"

லைற்றும் எரியவில்லை, திரையும் வரவில்லை என்றால் முதலில் பற்றரியை அளவுங்கள். 13 கல வரிசை உள்ள 48 வோல்ற் லிதியம் அயன் பற்றரி முழுதாக ஏறியிருந்தால் 54.6 வோல்ற் காட்டும். 10 கல வரிசை உள்ள 36 வோல்ற் பற்றரி என்றால் 42 வோல்ற். நான்கு 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரிகளைத் தொடராகப் பூட்டியிருந்தால், சார்ஜ் ஏறி ஆறிய பின் 51 வோல்ற் அளவில் நிற்கும்.

பற்றரியின் வெளி முனையில் பூச்சியம் என்றால், பியூஸ் போயிருக்கும் அல்லது பி.எம்.எஸ். வெட்டியிருக்கும். பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கழற்றி, மீற்றரின் சத்தம் போடும் நிலையில் வைத்துச் சோதியுங்கள். பியூஸ் எரிந்திருந்தால் அது ஏதோ ஒன்றைச் சொல்கிறது. புதிதைப் போட முதல் கொன்ரோலருக்குப் போகும் சிவப்பு, கறுப்பு வயர்கள் ஒன்றோடொன்று சோட்டாகியுள்ளனவா என்று பாருங்கள்.

இங்கே ஒரு பழைய குமிழ் விளக்கு உதவும். 230 வோல்ற், 100 வாற் இழை பல்ப் ஒன்றைப் பற்றரியின் சிவப்பு வயருக்கும் கொன்ரோலருக்கும் இடையில் தொடராகக் கொழுவுங்கள். கொன்ரோலர் நல்லதென்றால் கொள்ளளவி நிரம்பும் அந்தக் கணத்தில் மட்டும் இழை இலேசாகச் சிவக்கலாம், உடனே அணைந்துவிடும். சோட் இருந்தால் மங்கலாக எரிந்துகொண்டே நிற்கும். பல்ப் கறன்றை மட்டுப்படுத்துவதால் எதுவும் வெடிக்காது, எரியாது. எல்ஈடி பல்ப் இதற்குச் சரிவராது.

பற்றரியில் வோல்ற் இருந்து கொன்ரோலரில் இல்லை என்றால், இடையில் உள்ள பிளக், திறப்புச் சுவிச், அறுந்த வயர் என்று ஒவ்வொன்றாக அளந்து போங்கள். வீட்டுச் சுவரில் பூட்டும் சுவிச்சைச் சிலர் திறப்புச் சுவிச்சாகப் போடுகிறார்கள். அது மாறுமின்னோட்டத்துக்குச் செய்தது. பற்றரியின் நேர்மின்னோட்டத்தில் அதன் முனைகளுக்கிடையில் பொறி நின்று எரிந்து சுவிச் உருகும்.

"லைற் எரியுது, சில்லு சுத்துதில்லை"

முதலில் இரண்டு பிறேக் சுவிச்சின் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். பிறேக் பிடித்தால் மோட்டரை நிறுத்தச் சொல்லும் சுவிச் அது. பிறேக் கம்பி இறுகியோ சுவிச்சுக்குள் மண் போயோ அது எப்போதும் பிடித்த நிலையிலேயே நின்றால் மோட்டர் ஓடாது. கழற்றியதும் ஓடினால் கோளாறு அங்கேதான். ஆனால் அதைக் கழற்றியபடி விட்டுவிடாதீர்கள். அக்சிலேற்றர் சிக்கிக்கொண்டால் வண்டியை நிறுத்தக் கடைசியாக இருப்பது அந்தச் சுவிச்தான்.

அடுத்து அக்சிலேற்றர். அதிலிருந்து மூன்று வயர்கள் வரும். சிவப்பு, கொன்ரோலர் தரும் 5 வோல்ற். கறுப்பு, பூமி. மூன்றாவது, கைபிடி எவ்வளவு திருப்பப்பட்டது என்று சொல்லும் வயர். சுவிச் போட்ட நிலையில் கறுப்புக்கும் மூன்றாவதுக்கும் இடையில் அளந்தால், திருப்பாதபோது 0.8 முதல் 1 வோல்ற் வரை இருக்கும். மெதுவாகத் திருப்ப 3.5 அல்லது 4 வோல்ற் வரை சீராக ஏறும். ஏறாவிட்டால் கைபிடியை மாற்றுங்கள். சிவப்பில் 5 வோல்ற்றே இல்லை என்றால் கைபிடியில் பிழை இல்லை. மோட்டரின் மெல்லிய வயர்களையும் மற்றச் சின்னப் பிளக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ற் திரும்பி வருகிறதோ அந்தக் கிளையில்தான் சோட். எல்லாவற்றையும் கழற்றியும் வராவிட்டால் கொன்ரோலரில் பழுது.

ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். அக்சிலேற்றரின் கறுப்பு வயர் அறுந்தால், சில கொன்ரோலர்கள் அதை முழு வேகம் என்று எடுத்துக்கொள்ளும். சுவிச் போட்டவுடன் சில்லு பாயும். சில்லை உயர்த்தி வைத்துவிட்டே சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

"துள்ளித் துள்ளி நிக்குது"

சில்லு நடுங்கினால், உறுமினால், கையால் தள்ளிவிட்டால் மட்டும் ஓடினால் ஹோல் சென்சர்களைப் பாருங்கள். காந்தங்கள் எந்த இடத்தில் நிற்கின்றன என்று கொன்ரோலருக்குச் சொல்லும் மூன்று சின்னக் கண்கள் அவை. மோட்டரிலிருந்து வரும் ஐந்து மெல்லிய வயர்களில் சிவப்பும் கறுப்பும் 5 வோல்ற் விநியோகம். மஞ்சள், பச்சை, நீலம் மூன்றும் அந்தக் கண்களின் வயர்கள். பிளக்கைக் கழற்றாமல், பின்பக்கத்தால் மீற்றர் ஊசியை விட்டு, கறுப்புக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் இடையில் அளந்தபடி சில்லை மிக மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றுங்கள். பற்சக்கரம் உள்ள மோட்டரில் முன்னோக்கிச் சுற்றினால் உள் மோட்டர் திரும்பாது. வாசிப்பு பூச்சியத்துக்கும் 5க்கும் இடையில் மாறி மாறி வர வேண்டும். மூன்றில் ஒன்று மாறாமல் நின்றால் அந்தச் சென்சரோ அதன் வயரோ போய்விட்டது.

மூன்றும் மாறுகின்றன, ஆனாலும் துள்ளுகிறது என்றால் மூன்று தடித்த வயர்களின் பிளக்குகளைப் பாருங்கள். ஒன்று தளர்ந்தாலே போதும்.

சில்லைக் கையால் சுற்றவே இறுக்கமாக இருந்தால் பற்றரியைக் கழற்றி, கொன்ரோலர் ஆறியபின், அந்த மூன்று தடித்த வயர்களையும் பிரித்து ஒன்றோடொன்று முட்டாமல் வையுங்கள். இப்போது இலகுவாகச் சுற்றினால் கொன்ரோலருக்குள் மொஸ்பெற் எரிந்து சோட்டாகியிருக்கிறது. பிரித்த பின்னரும் இறுக்கமென்றால் மோட்டருக்குள் அல்லது அச்சுக்குள் போகும் வயர்களில் சோட் இருக்கலாம்; பெயரிங் பழுதாகவும் இருக்கலாம். அடுத்து, வயர்களை இரண்டிரண்டாக முட்டவைத்துச் சுற்றிப் பாருங்கள். மூன்று சோடிக்கும் ஒரே அளவு இறுக்கம் வர வேண்டும். ஒரு சோடி மட்டும் வித்தியாசமென்றால் மோட்டர்ச் சுருளில் கோளாறு.

கொன்ரோலரை உறுதிப்படுத்த மீற்றரை டயோட் நிலைக்கு மாற்றுங்கள். சிவப்பு ஊசியைக் கொன்ரோலரின் பற்றரி மறை வயரிலும், கறுப்பு ஊசியை மூன்று தடித்த வயர்களில் ஒவ்வொன்றாகவும் வையுங்கள். மூன்றும் 0.4 முதல் 0.6 வரை ஒரே மாதிரிக் காட்ட வேண்டும். பிறகு கறுப்பு ஊசியைப் பற்றரி நேர் வயரில் வைத்து, சிவப்பு ஊசியால் அதே மூன்றையும் பாருங்கள். எங்காவது பூச்சியம் வந்தால் அது எரிந்த இடம்.

எங்கள் கிறவல் வீதிகளில் அடிக்கடி வருவது இன்னொன்று. அச்சின் நட்டுத் தளர்ந்து, மோட்டர் இழுக்கும்போது அச்சே சுழன்று, உள்ளே போகும் வயர்களை முறுக்கி அறுத்துவிடும். அச்சைச் சுழலவிடாமல் பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்றைச் சட்டகத்தோடு பூட்டினால் இது நடக்காது. பட்டறையில் வெட்டி எடுக்கக் கூடிய ஒரு துண்டு இரும்புதான்.

"பாரம் ஏத்தினா நிக்குது"

செயற்கைக் காலோடு மீன் ஏற்றிப் போகிறவர் என்று சொன்னேனே, அவர் வண்டி இந்தக் குறையோடுதான் வந்தது. வெறும் வண்டி நன்றாக ஓடும். மீன் பெட்டியோடு சங்குப்பிட்டிப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிராக ஏறும்போது நின்றுவிடும். சுவிச்சை நிறுத்திப் போட்டால் மீண்டும் கொஞ்சத் தூரம் ஓடும். ஒரு கடையில் கொன்ரோலரை மாற்றியிருந்தார்கள். அடுத்ததாகப் பற்றரியை மாற்றச் சொல்லியிருந்தார்கள். அது அவருக்கு மாதக்கணக்கான உழைப்பு.

நிற்கும்போது பற்றரி 49 வோல்ற் காட்டியது. நிற்கும் வண்டியில் அளந்தது பாதிக் கதைதான். மீற்றரைக் கைபிடியில் கட்டி, பாரத்தோடு ஓட்டினோம். முதல் ஓட்டத்தில் பற்றரி முனையில் அளந்தோம்: 47. இரண்டாவது ஓட்டத்தில் கொன்ரோலர் வாசலில் அளந்தோம்: 42. அந்தக் கொன்ரோலர் 42 வோல்ற்றில் வெட்டும் என்று அதன் மேலேயே அடித்திருந்தது. பற்றரி நல்லது, கொன்ரோலரும் நல்லது. இடையில் 5 வோல்ற் காணாமல் போகிறது.

காணாமல் போகும் வோல்ற் வெப்பமாகத்தான் போகிறது. கொன்ரோலர் இழுக்கக் கூடிய 15 அம்பியரை 5 வோல்ற்றால் பெருக்கினால் 75 வாற். ஈயம் ஒட்டும் சூட்டுக்கோல் அளவு வெப்பம் ஒரு பிளக்குக்குள். சீற்றுக்குக் கீழே கைவைத்துப் பார்த்தபோது பிளக் கொதித்தது, பிளாஸ்ரிக் மண்ணிறமாகியிருந்தது. உப்புக் காற்றில் முனைகள் பச்சை பிடித்திருந்தன. புதுப் பிளக் ஒன்றை ஈயம் வைத்துப் பூட்டி, தடித்த வயர் போட்டதோடு வேலை முடிந்தது. இன்னும் சில வாரம் அப்படியே ஓடியிருந்தால் அந்தப் பிளக் எரிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில்தான் பற்றரி இருந்தது.

இதே அளவீட்டில் பற்றரி முனையிலேயே வோல்ற் சடுதியாக விழுந்தால் கோளாறு பற்றரிக்குள். சமநிலைப் பிளக்கின் மெல்லிய வயர்களில் ஒவ்வொரு கல வரிசையையும் அளவுங்கள். ஊசி நழுவி இரண்டு முனைகளை முட்டாமல் கவனம். எல்லாம் 3.8 காட்ட, ஒன்று மட்டும் 3.1 காட்டினால் அந்த ஒன்றுக்காகத்தான் பி.எம்.எஸ். முழுப் பற்றரியையும் நிறுத்துகிறது.

நேரடியாகக் கொடுக்காதீர்கள்

இந்த இடத்தில்தான் டைனமோ காலத்துக் கை முந்திக்கொள்ளும். "தம்பி, அந்தப் போர்ட்டை விட்டிட்டு நேர வயர் குடு, ஓடும்" என்று கேட்பவர்கள் உண்டு. ஓடும், உண்மைதான். ஆனால் பலவீனமான கலம் அளவுக்கு மீறி வடியும். சார்ஜ் ஏற்றும்போது மற்றக் கலங்கள் அளவுக்கு மீறி நிரம்பும். லிதியம் கலம் தீப்பிடிக்கும் வழிகளில் இது ஒன்று. ஒரு கலத்தின் தீ பக்கத்துக் கலத்துக்குத் தாவும். நிறுத்துவது மிகக் கடினம். பியூஸுக்குப் பதில் கம்பி முறுக்கி வைப்பதும் இதே பிழைதான்.

முள்ளந்தண்டு காயப்பட்டவர்களின் வண்டிகளில் இது இன்னும் பெரிய விடயம். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லாதவருக்குச் சூடு தெரியாது. பற்றரியும் பிளக்கும் அவர் இருக்கைக்குக் கீழே கொதித்தாலும் அவருக்குத் தோல் வெந்த பிறகுதான் தெரியவரும். அந்த வண்டிகளில் பற்றரியை உடலுக்கு விலத்திப் பூட்டுங்கள். இடையில் வெப்பம் தடுக்கும் தட்டு வையுங்கள். ஓடி முடிந்ததும் இன்னொருவர் பிளக்குகளைக் கையால் தொட்டுப் பார்க்கும் பழக்கத்தை வீட்டில் ஏற்படுத்துங்கள்.

மாரி மழைக்கு முதல் இரண்டு வேலை செய்துவிடுங்கள். கொன்ரோலருக்கும் அச்சுக்கும் போகும் வயர்கள் முதலில் கீழே தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகும்படி வளைத்துக் கட்டுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். பிளக்குகளின் வாய் கீழ்ப்பக்கம் பார்த்திருக்கட்டும். வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியைக் காயவைத்துச் சார்ஜ் போடாதீர்கள். வெளியே காய்ந்தாலும் உள்ளே உப்பும் சேறும் கலங்களைச் சோட்டாக்கும். வீங்கிய, புகைத்த, இனிப்பான மணம் வீசும் பற்றரியை வீட்டை விட்டுத் தூர, எரியும் பொருள் இல்லாத வெளியில் வையுங்கள். நல்ல பற்றரியானாலும் ஆட்கள் படுக்கும் அறையிலோ வெளியேறும் வாசலிலோ வைத்து இரவிரவாகச் சார்ஜ் போட வேண்டாம். அதற்குரிய சார்ஜரை மட்டும் பாவியுங்கள். 48 என்று எழுதியிருந்தாலும் ஈய அமிலப் பற்றரியின் சார்ஜர் லிதியத்துக்கு ஆகாது.

வண்டி நன்றாக ஓடும் நாளிலேயே ஒரு அட்டையில் ஐந்து அளவுகளை எழுதிச் சீற்றுக்குக் கீழே ஒட்டிவையுங்கள்: முழுச் சார்ஜில் பற்றரியின் வோல்ற், பாரத்தோடு ஓடும்போது பற்றரி முனையில் வரும் வோல்ற், அதே பாரத்தில் கொன்ரோலர் வாசலில் வரும் வோல்ற், அக்சிலேற்றரின் குறைந்த அளவு, கூடிய அளவு. வண்டி நிற்கும் நாளில் முதலில் பார்க்க வேண்டியது அந்த அட்டையை. திருத்தக் கொடுத்தாலும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்பவரிடம் "அளந்து பார்த்தீங்களா, எவ்வளவு காட்டினது?" என்று கேளுங்கள். அளவு சொல்ல முடியாதவரிடம் காசு கொடுத்து எதையும் மாற்ற வேண்டாம்.